குறைந்த ஆக்சிஜனில் வைத்த பழம் என்ன ஆகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழச் சேமிப்பு வேலையில் பல வருடம் இருந்ததில் ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்பக் காதில் விழுந்தன. கேட்டவர்களில் விளைவிப்பவர்கள் உண்டு, கிடங்கில் புதிதாகச் சேர்ந்தவர்கள் உண்டு, வாங்கிச் சாப்பிடுபவர்களும் உண்டு. அவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். முன்னால் சொன்னதைத் திரும்பச் சொல்லாமல் கேள்வி எண்ணை மட்டும் குறித்திருப்பதால், வரிசையாகப் படித்தால் எளிதாக இருக்கும்.

1. பறிச்ச பிறகு பழம் உயிரில்லாத பொருள்தானே, அதுக்கு எதுக்கு ஆக்சிஜன்?

பறித்த பழம் உயிரோடுதான் இருக்கிறது. காம்பை அறுத்ததும் மரத்திலிருந்து வரும் தண்ணீரும் சர்க்கரையும் நின்றுபோகின்றன, அவ்வளவுதான். உள்ளே செல்கள் வேலை செய்துகொண்டே இருக்கின்றன. நம்மைப் போலவே ஆக்சிஜனை எடுத்து, சர்க்கரையையும் அமிலத்தையும் எரித்து, கார்பன் டை ஆக்சைடையும் நீரையும் வெப்பத்தையும் வெளியே விடுகின்றன. காற்றோட்டமில்லாமல் குவித்த பழங்களின் நடுவில் கையை விட்டுப் பாருங்கள். ஓரத்தைவிட நடுவில் கதகதப்பாக இருக்கும். அது பழம் மூச்சுவிட்ட சூடு.

மரத்தில் இருக்கும்போது செலவானதை மரம் ஈடுகட்டியது. பறித்த பின் வரவே கிடையாது, செலவு மட்டும்தான். புளிப்பு இறங்குவதும் சதை இளகுவதும் அந்தச் செலவோடு சேர்ந்து நடப்பவை. அந்தச் செலவை மெதுவாக்குவதைத்தான் சேமிப்பு என்கிறோம்.

2. சாதாரண குளிர்பதனக் கிடங்கு போதாதா? காற்றையும் ஏன் மாத்தணும்?

குளிர்தான் முதல் மருந்து. அது இல்லாமல் மற்றது எதுவும் நிற்காது. ஆனால் குளிரை இஷ்டத்துக்கு இறக்க முடியாது. ஆப்பிளை 0 டிகிரி வரை கொண்டுபோகலாம். வாழைக்காய் 13 டிகிரிக்குக் கீழே போனால் தோல் கறுத்து, பழுக்கும் திறனையே இழந்துவிடும். குளிர் தரும் பலன் ஓர் எல்லையில் முடிகிறது. அதற்கு மேல் நாள் வேண்டுமென்றால் பழம் இழுக்கும் காற்றில் கை வைக்க வேண்டும். சாதாரணக் குளிரில் சில மாதம் தாங்கும் ஆப்பிள் வகைகள் பல, காற்றையும் மாற்றினால் அடுத்த அறுவடை நெருங்கும் வரைகூடத் தாங்குகின்றன.

3. ஆக்சிஜனை எவ்வளவுக்குக் குறைக்கிறாங்க? எப்படிக் குறைக்கிறாங்க?

வெளிக்காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம், நைட்ரஜன் 78 சதவீதம். ஆப்பிளுக்கு வழக்கமான அளவு 2 முதல் 3 சதவீத ஆக்சிஜன். மிகக் குறைந்த ஆக்சிஜன் முறை என்றால் 1 முதல் 1.5. பழத்தைக் கண்காணித்தபடியே இறக்கும் புதிய முறையில் 0.4 முதல் 0.6 வரைகூடப் போகிறார்கள். அது எப்படி முடிகிறது என்பது 17-ஆம் கேள்வியில் வரும்.

அறையைக் காற்றுப் புகாமல் அடைத்து உள்ளே நைட்ரஜனைச் செலுத்துவார்கள். அது பழைய காற்றை வெளியே தள்ளும். இந்த நைட்ரஜன் எங்கிருந்தோ வருவதல்ல, வெளிக்காற்றையே சவ்வு வழியாகவோ கரிச் சல்லடை வழியாகவோ செலுத்தி ஆக்சிஜனைப் பிரித்துவிட்டால் மிஞ்சுவதுதான். பழம் விடும் கார்பன் டை ஆக்சைடைச் சுண்ணாம்போ, செயலூட்டிய கரியோ பிடித்துக்கொள்ளும். முன்பெல்லாம் நைட்ரஜன் கருவி கிடையாது. கதவை மூடிவிட்டு, பழமே மூச்சுவிட்டு ஆக்சிஜனைத் தீர்க்கும் வரை இரண்டு மூன்று வாரம் காத்திருந்தார்கள்.

புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு ஒன்று வியப்பாக இருக்கும். அளவுக்கு வந்த பிறகு அன்றாட வேலையே ஆக்சிஜனைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விடுவதுதான். பழம் நிறுத்தாமல் குடித்துக்கொண்டிருப்பதால், கண்காணிக்காமல் விட்டால் தானாகவே பூஜ்யத்தை நோக்கி இறங்கும்.

4. ஆக்சிஜன் குறைஞ்சா பழுக்கிறது ஏன் தள்ளிப்போகுது?

'மூச்சு குறைவதால்' என்பது பாதி பதில். 21-லிருந்து 10 சதவீதம் வரை இறக்கினால் பெரும்பாலான பழங்கள் கண்டுகொள்வதே இல்லை. 5-க்குக் கீழே வரும்போதுதான் மாற்றம் தெரிகிறது. 2, 3 சதவீதத்தில் சுவாசம், அதே குளிரில் வெளிக்காற்றில் இருப்பதில் ஏறக்குறைய பாதியாகிறது. பாதி என்பது நல்ல பலன்தான். ஆனால் கிடைக்கும் கூடுதல் நாட்களை அது மட்டும் விளக்காது.

மீதிப் பதில் எத்திலீன். பழமே உண்டாக்கும் இந்த வாயுதான் 'பழு' என்ற செய்தியைச் செல்லுக்குச் செல் கொண்டுபோகிறது. மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்திலிருந்து தொடங்கி, ஏசிசி என்ற இடைப்பொருள் வழியாக எத்திலீன் உருவாகிறது. ஏசிசியை எத்திலீனாக்கும் கடைசிப் படியைச் செய்யும் நொதிக்கு ஆக்சிஜன் கட்டாயம் வேண்டும். ஆக்சிஜன் குறைந்தால் அந்தப் படி தேங்கிப்போகும். உண்டான எத்திலீனைச் செல் உணர்ந்து செயல்படுவதற்கும் ஆக்சிஜன் தேவை. சுமார் 3 சதவீத ஆக்சிஜனில் அந்த உணர்திறன் பாதியாகிவிடுகிறது என்று 1960-களிலேயே அளந்திருக்கிறார்கள்.

எத்திலீனுக்கு ஒரு குணம் உண்டு. பழுக்கத் தொடங்கிய பழத்தில் எத்திலீனே மேலும் எத்திலீனைத் தூண்டும். ஒன்று பழுத்தால் பக்கத்தில் இருப்பதும் பழுப்பது அதனால்தான். குறைந்த ஆக்சிஜன் அந்தச் சங்கிலியை முதல் கண்ணியிலேயே பிடித்துக்கொள்கிறது. பச்சை நிறம் போவது, சதை மென்மையாவது, புளிப்பு இறங்குவது எல்லாம் அதன் பின்னால் வருபவை. அவையும் தள்ளிப்போகின்றன.

5. அப்போ ஆக்சிஜனைப் பூஜ்யமாக்கிட்டா என்னைக்குமே கெடாதே?

இதுதான் அதிகம் கேட்கப்படும் கேள்வி, அதிகம் பழத்தைக் கெடுத்த எண்ணமும் இதுதான். ஆக்சிஜன் தீர்ந்தாலும் செல்லுக்குச் சக்தி வேண்டும். அப்போது அது நொதித்தலுக்கு மாறும். சர்க்கரை உடைந்து வரும் பைருவேட், அசிட்டால்டிஹைடாகி, அதுவும் எத்தனால் என்ற சாராயமாகி, சதைக்குள்ளேயே தங்கும். ஒரு குளுக்கோஸ் மூலக்கூறை ஆக்சிஜனோடு எரித்தால், செல்லுக்குச் சக்தி தரும் ஏடிபி என்ற மூலக்கூறு சுமார் 30 கிடைக்கும். நொதித்தலில் கிடைப்பது 2. வருமானம் இவ்வளவு விழுந்ததும் அதை ஈடுகட்டச் செல் சர்க்கரையை இன்னும் வேகமாக எரிக்கத் தொடங்குகிறது. நாம் நிறுத்த நினைத்த செலவு கூடித்தான் போகிறது.

அந்த நிலைக்குப் போன ஆப்பிளை நறுக்கினால் வெளியே பளபளப்பாகத்தான் இருக்கும். கத்தி இறங்கியதும் புளித்த பழரசத்தின் வாடை எழும். விதைப்பையைச் சுற்றிச் சதை ஈரம் கோத்தது போலத் தெரியும், இன்னும் சில நாளில் அந்த இடம் பழுப்பாகும். சக்தி போதாமல் செல்லின் சவ்வு கிழிந்து உள்ளிருப்பவை கலந்ததன் அடையாளம் அது.

ஆக, ஆக்சிஜனைக் குறைக்கக் குறைக்கப் பழம் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடு குறைந்துகொண்டே வரும். ஒரு புள்ளிக்குக் கீழே அது திடீரென்று ஏறத் தொடங்கும். அந்தப் புள்ளியை ஒட்டி, ஆனால் அதற்குச் சற்று மேலேயே பழத்தை வைத்திருப்பதுதான் எங்கள் தொழில்.

6. இது புது டெக்னாலஜியா?

இல்லை. பிரான்சில் மோன்பெலியே நகரைச் சேர்ந்த ழாக் எத்தியேன் பெரார், பறித்த பழம் ஆக்சிஜனை எடுத்துக் கார்பன் டை ஆக்சைடை விடுவதையும், ஆக்சிஜன் இல்லாவிட்டால் பழுக்காமல் நிற்பதையும் 1821-ல் வெளியிட்டார். கொஞ்ச காலம் அப்படி வைத்த பழத்தைக் காற்றில் எடுத்து வைத்தால் மறுபடி பழுக்கிறது என்றும் கண்டார். குளிர்சாதனம் வராத காலம் அது. ஜாடியின் அடியில் சுண்ணாம்பும் இரும்பு சல்பேட்டும் தண்ணீரும் குழைத்து வைத்து, அது ஆக்சிஜனை உறிஞ்ச, மேலே பழத்தை வைத்து மூடினார். ஒரு நூற்றாண்டு வரை அதை யாரும் பெரிய அளவில் கையில் எடுக்கவில்லை.

பிறகு கேம்பிரிட்ஜில் ஃப்ராங்க்ளின் கிட், சிரில் வெஸ்ட் இருவரும் வருடக்கணக்கில் ஆப்பிளை வெவ்வேறு காற்றுக் கலவைகளில் வைத்து அளந்து, 1927-ல் முழு அறிக்கையாகக் கொடுத்தார்கள். 1929-ல் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் முதல் வணிகக் கிடங்கு வந்தது. அப்போது அதன் பெயர் 'வாயுச் சேமிப்பு'. கார்னெல் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஸ்மாக் இதை அமெரிக்காவில் பரப்பியபோது 'கட்டுப்படுத்திய காற்றுச்சூழல்' என்று மாற்றினார். அந்தப் பெயர்தான் நிலைத்தது.

7. ஆக்சிஜன் குறைஞ்சது பழத்துக்கு எப்படித் தெரியும்? அதுக்கு மூக்கா இருக்கு?

மூக்கு இல்லை, ஆனால் அதற்கென்றே ஓர் ஏற்பாடு இருக்கிறது. 2011-ல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் ஒரே நேரத்தில் இதை வெளியிட்டன. செடியின் செல்லில் சில புரதங்களின் தொடக்க முனையில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் இருக்கும். ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கும் வரை ஒரு நொதி அந்தச் சிஸ்டீனை ஆக்சிகரணம் செய்துவிடும். 'இது வேண்டாம்' என்று முத்திரை குத்தியது போல அந்தப் புரதம் உடனே உடைக்கப்படும். ஆக்சிஜன் குறைந்தால் முத்திரை விழாது. புரதம் தப்பிப் பிழைத்து, உட்கருவுக்குள் போய், நொதித்தலுக்கான மரபணுக்களைத் திறந்துவிடும்.

முதலில் இதைக் கண்டது கடுகுக் குடும்பத்தின் சிறு செடி ஒன்றில். அதே குடும்பப் புரதங்கள் பழங்களிலும் இருக்கின்றன. எனக்கு இதில் பிடித்தது, செல் ஆக்சிஜனைத் தேடி அலைவதில்லை என்பது. அந்தப் புரதம் என்ற செய்தியாளைச் செய்துகொண்டே இருக்கிறது, ஆக்சிஜன் அவனை அழித்துக்கொண்டே இருக்கிறது. அழிப்பவர் வராத அன்று செய்தி போய்ச் சேர்ந்துவிடுகிறது.

8. ஆப்பிளுக்குச் சரியான அளவு பேரிக்காய்க்கு ஏன் ஒத்துக்கலை? ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கு?

ஒரு பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி இரண்டையும் போட்டுப் பாருங்கள். ஆப்பிள் நன்றாகத் தலைதூக்கி மிதக்கும். பேரிக்காய் தண்ணீருக்குள் அமுங்கிக் கிடக்கும், சில வகை மூழ்கியே போகும். ஆப்பிள் சதையின் கன அளவில் ஏறக்குறைய கால் பங்கு செல்களுக்கு நடுவே உள்ள காற்றிடம். பேரிக்காயில் அது மிகக் குறைவு, சதை நெருக்கமானது.

அறையில் 2 சதவீதம் என்று அளவி காட்டுவது தோலுக்கு வெளியே உள்ள கணக்கு. பழத்தின் நடுவில் இருக்கும் செல்லுக்கு ஆக்சிஜன் போய்ச் சேர, தோலின் நுண்துளைகளைத் தாண்டி, காற்றிடங்கள் வழியாக நகர்ந்து, கடைசியில் செல்லின் நீரில் கரைய வேண்டும். தண்ணீரில் ஆக்சிஜன் நகரும் வேகம் காற்றில் நகர்வதில் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. காற்றிடம் குறைந்த பேரிக்காயின் மையத்துக்கு வந்து சேருவது சொற்பம். அறையில் அளவு சரியாக இருக்கும்போதே அதன் மையம் மூச்சுத் திணறலாம். அப்படித்தான் விதைப்பையை ஒட்டிப் பழுப்புப் பொந்துகள் விழுகின்றன.

இதே காரணத்தால் ஒரே வகைக்குள்ளும் பெரிய பழம் முதலில் பாதிக்கப்படும். தடித்த மெழுகு பூசிய பழமும் அப்படித்தான்.

9. ஆக்சிஜனைக் குறைச்சாச்சுன்னா குளிர் இல்லாமலே வைக்கலாமா?

கூடாது. வெப்பம் 10 டிகிரி ஏறினால் சுவாசம் இரண்டு மூன்று மடங்காகும். ஆனால் ஆக்சிஜன் உள்ளே ஊடுருவும் வேகம் அந்த அளவுக்குக் கூடாது. தேவை ஏறியது, வரத்து ஏறவில்லை. ஆகவே 0 டிகிரியில் 1 சதவீதத்தை நிம்மதியாகத் தாங்கும் பழம், 20 டிகிரியில் அதே 1 சதவீதத்தில் நொதிக்கத் தொடங்கும். கிடங்கில் குளிரூட்டி பழுதாகி நின்றால் முதலில் செய்ய வேண்டியது ஆக்சிஜன் அளவை உயர்த்துவது.

10. எல்லாப் பழத்துக்கும் இது உதவுமா?

பறித்த பின் பழுக்கும் பழங்களுக்குத்தான் பெரும் பலன்: ஆப்பிள், பேரிக்காய், கிவி, வாழை, மா, வெண்ணெய்ப்பழம். காரணம் 4-ஆம் பதிலில் சொன்ன எத்திலீன் சங்கிலி. கிவி இதில் தீவிரமானது. காற்றில் நூறு கோடியில் 30 பங்கு எத்திலீன் இருந்தாலே அதன் சதை இளகத் தொடங்கும். அதற்கு 1, 2 சதவீத ஆக்சிஜனோடு எத்திலீனைப் பிரித்தெடுக்கும் ஏற்பாடும் வேண்டும். வாழை, மா போன்ற வெப்பமண்டலப் பழங்களுக்கு 2 முதல் 5 சதவீத ஆக்சிஜன் பொருத்தம். அவற்றை அதிகக் குளிரில் வைக்க முடியாததால் 9-ஆம் பதிலில் சொன்னபடி அவற்றின் கீழ் எல்லையும் உயரத்தில் இருக்கிறது.

ஆரஞ்சு, எலுமிச்சை வகைக்குக் கிடைக்கும் பலன் குறைவு, செலவுக்குத் தகாது. ஸ்ட்ராபெர்ரியில் வேலை செய்வது குறைந்த ஆக்சிஜனைவிட உயர்ந்த கார்பன் டை ஆக்சைடு. அதை 15 முதல் 20 சதவீதம் வரை ஏற்றினால் சாம்பல் பூஞ்சணம் அடங்கும்.

11. அப்போ கார்பன் டை ஆக்சைடை எல்லாத்துக்கும் ஏத்திவிடலாமே?

ஸ்ட்ராபெர்ரி தாங்குவதை ஆப்பிள் தாங்காது. கார்பன் டை ஆக்சைடு எத்திலீனின் செயலை எதிர்க்கும், அந்த அளவில் நல்லது. கூடினால் அதுவே சதையைச் சுடும். 1920-களின் தொடக்கத்தில் கப்பலின் அடித்தளத்தில் நீண்ட பயணம் வந்த ஆப்பிள்கள் வெளியே நன்றாகவும் உள்ளே பழுப்பாகவும் இருந்தன. கிட்டும் வெஸ்டும் ஆராய்ந்து, காற்றோட்டமில்லாத அறையில் தேங்கிய கார்பன் டை ஆக்சைடுதான் காரணம் என்று 1923-ல் எழுதினார்கள். அதற்கு 'பழுப்பு இதயம்' என்று பெயர். ஃபுஜி, பிரேபர்ன் வகை ஆப்பிள்கள் இன்றும் இதில் எளிதில் பாதிக்கப்படுபவை. அவற்றுக்கு 1 சதவீதத்துக்குக் கீழே வைப்பது நல்லது. ஆக்சிஜன் குறையக் குறைய இந்தத் தாங்கும் திறனும் குறையும் என்பதால் இரண்டையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

12. வீட்டுல பிளாஸ்டிக் பையில இறுக்கிக் கட்டி வச்சா இதே வேலை நடக்காதா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பழுக்கத் தொடங்கிய ஒரு கிலோ வாழை 20 டிகிரியில் மணிக்குச் சுமார் 40 மில்லி ஆக்சிஜன் எடுக்கும். கட்டிய பைக்குள் 2 லிட்டர் காற்று இருந்தால் அதில் ஆக்சிஜன் 420 மில்லி. இரவு கட்டி வைத்தால் மறுநாள் காலைக்குள் கிட்டத்தட்டத் தீர்ந்துவிடும். அதன் பிறகு நடப்பது 5-ஆம் பதிலில் உள்ள கதை. பையைப் பிரிக்கும்போது வரும் கள் வாடை அதுதான். அதே பையில் ஒரு கிலோ ஆப்பிளை 0 டிகிரியில் வைத்தால் மணிக்கு 2 மில்லி அளவுதான் எடுக்கும், ஒன்பது நாள் போலத் தாங்கும். பையும் காற்றும் ஒன்றுதான், பழமும் குளிரும்தான் வேறு.

கிடங்கில் இதைச் சமாளிப்பது அளவியும் காற்று விடும் குழாயும். வீட்டில் அவை இல்லாததால் பையைத் தளர்வாக விடுங்கள், அல்லது துளை போடுங்கள். ஈரம் போகாமல் காக்க அது போதும்.

13. சில பழங்கள் அடைச்ச பையிலேயே நல்லா வருதே, அது எப்படி?

அந்தப் படலம் கணக்குப் பார்த்துத் தேர்ந்தது. பழம் எடுக்கும் ஆக்சிஜனும் படலத்தின் வழியாகவோ நுண்துளைகள் வழியாகவோ உள்ளே கசியும் ஆக்சிஜனும் ஒரு கட்டத்தில் சமமாகும். அந்தச் சமநிலை 3, 5 சதவீதத்தில் விழும்படி தடிமன், பரப்பு, பழத்தின் எடை மூன்றையும் பொருத்துவார்கள். அது ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்கான கணக்கு. குளிரிலிருந்து எடுத்து வெளியே வைத்தால் கணக்கு உடைந்துவிடும். எடுத்ததும் பையைத் திறந்துவிடுங்கள்.

14. இப்படி வச்ச பழம் உடம்புக்குக் கெடுதலா? சத்து போயிடாதா?

உள்ளே விடுவது நைட்ரஜன், நாம் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் 78 சதவீதம் அதுதான். பழத்தில் அது எந்த எச்சத்தையும் விட்டுச்செல்வதில்லை. ஆப்பிள் போன்ற பழங்களில் புளிப்பும் வைட்டமின் சி-யும், அதே நாட்கள் சாதாரணக் குளிரில் வைத்ததைவிட மெதுவாகத்தான் குறைகின்றன. ஆனால் கார்பன் டை ஆக்சைடை அதிகம் ஏற்றினால் ஸ்ட்ராபெர்ரி போன்றவற்றில் வைட்டமின் சி குறையும். இதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

15. எட்டு மாசம் வச்ச ஆப்பிள் நறுக்குனு இருக்கு, ஆனா மணமே இல்லையே?

நீங்கள் சொல்வது சரி, இந்த முறையின் உண்மையான குறை இது. ஆப்பிளின் மணம் பெரும்பாலும் எஸ்டர்கள் என்ற பொருட்களால் ஆனது. கொழுப்பு அமிலங்களை உடைத்து, அதில் வரும் துண்டுகளைக் கோத்துப் பழம் அவற்றைச் செய்கிறது. உடைக்கும் படிகளுக்கு ஆக்சிஜன் வேண்டும், முழு வேலையையும் முடுக்க எத்திலீன் வேண்டும். இரண்டையும் மாதக்கணக்கில் மறுத்துவிட்டு மணத்தை எதிர்பார்க்க முடியாது.

சில வாரம் மட்டும் வைத்த பழம் வெளியே வந்ததும் மணத்தை மீட்டுக்கொள்ளும். பல மாதம் ஆனால் முழுதாக மீளாது. சாப்பிடுவதற்கு முன் இரண்டு மூன்று நாள் அறை வெப்பத்தில் வைத்தால் ஓரளவு திரும்பும். உறுதியை மட்டும் அளந்து பழத்தை மதிப்பிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. கடிக்கும்போது மணமும் வர வேண்டும். சேமிப்புக் காலத்தை இழுத்துக்கொண்டே போகாமல் எங்கே நிறுத்துவது என்பதையும் அதுவே சொல்ல வேண்டும்.

16. வேணும்னே சில நாள் மூச்சு முட்ட வைக்கிறாங்களாமே, அது பழத்தைக் கெடுக்காதா?

அளவோடு செய்தால் கெடுக்காது. நீண்ட நாள் குளிரில் இருந்த சில ஆப்பிள் வகைகளை வெளியே எடுத்ததும் தோலில் பழுப்புத் திட்டுகள் படரும், சூடு பட்டது போல. தோலில் உண்டாகும் ஃபார்னசீன் என்ற பொருள் ஆக்சிகரணமாகி, அந்த விளைபொருட்கள் தோல் செல்களைத் தாக்குவதுதான் காரணம். முன்பு டைஃபீனைலமைன் என்ற மருந்துக் கரைசலில் நனைப்பார்கள். ஐரோப்பிய ஒன்றியம் அந்த மருந்தைக் கைவிட்ட பிறகு வேறு வழி தேட வேண்டியிருந்தது.

அந்த வழிகளில் ஒன்று, சேமிப்பின் தொடக்கத்தில் ஒன்றிரண்டு வாரம் ஆக்சிஜனை அரை சதவீதத்துக்கும் கீழே இறக்கி, பிறகு வழக்கமான அளவுக்கு உயர்த்துவது. பழம் லேசாக நொதிக்கத் தொடங்கும், உண்டாகும் கொஞ்சம் எத்தனால் பின்னர் கரைந்துவிடும். தோல் திட்டுகள் பெருமளவு வராமல் தடுக்கப்படும். நாள் கூடினாலோ, பழம் நன்கு பழுத்திருந்தாலோ இதே சிகிச்சை பழத்தை வீணாக்கும்.

17. எல்லை எங்கே இருக்குன்னு எப்படித் தெரியும்? வருஷா வருஷம் மாறாதா?

மாறும். வகை, தோட்டம், அந்த வருட மழை வெயில், பறித்த நாள் எல்லாமே எல்லையை நகர்த்தும். பழைய முறையில் அட்டவணை பார்த்து, பாதுகாப்புக்கு மேலும் கொஞ்சம் சேர்த்து வைத்தார்கள். இப்போது பழத்தையே கேட்கிறார்கள். தோலில் உள்ள பச்சையத்தின் மீது ஒளியைப் பாய்ச்சினால் அது மெல்லிய ஒளியைத் திரும்ப விடும். ஆக்சிஜன் எல்லைக்குக் கீழே போன உடனே அந்த ஒளி சட்டென்று எழும்பும். அதைக் கண்டதும் ஆக்சிஜனைச் சற்று உயர்த்தி அங்கே நிறுத்துவார்கள்.

இன்னொரு வழி, வெளியிடும் கார்பன் டை ஆக்சைடை எடுக்கும் ஆக்சிஜனால் வகுப்பது. சர்க்கரையை ஒழுங்காக எரிக்கும்போது விடை 1-ஐ ஒட்டி இருக்கும். நொதித்தலில் ஆக்சிஜன் எடுக்காமலே கார்பன் டை ஆக்சைடு வருவதால் விடை ஏறும். மூன்றாவது வழி, பழத்தில் எத்தனால் சேர்கிறதா என்று நேரடியாக அளப்பது. மூன்றும் 5-ஆம் பதிலில் சொன்ன அதே புள்ளியைத்தான் தேடுகின்றன.

18. புளிச்ச வாடை வந்துட்டா சரி பண்ண முடியுமா?

வாடை மட்டும்தான் என்றால் பெரும்பாலும் முடியும். காற்றில் வைத்தால் அசிட்டால்டிஹைடும் எத்தனாலும் கொஞ்சம் ஆவியாகும், கொஞ்சத்தைப் பழமே எஸ்டராக்கிக்கொள்ளும். கொஞ்ச காலம் ஆக்சிஜன் இல்லாமல் இருந்த பழம் காற்றில் மீள்வதைப் பெராரும் கண்டார். சதை பழுப்பாகிவிட்டால் அந்தச் செல்கள் இறந்துவிட்டன, அவை திரும்பாது. ஆகவே கிடங்கில் மாதிரிப் பழத்தை அடிக்கடி நறுக்கிப் பாருங்கள். தோலைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

19. நொதிச்சா கெடும்னு சொல்றீங்க, பெர்சிமன் பழத்துல துவர்ப்பை எடுக்க அதையேதானே செய்றாங்க?

ஆமாம், அழகான விதிவிலக்கு அது. பெர்சிமனின் துவர்ப்பு, கரைந்த நிலையில் உள்ள டானின் நாக்கைப் பிடிப்பதால் வருவது. பழத்தை ஒரு நாள் போல 80 சதவீதம் கார்பன் டை ஆக்சைடில் வைத்தால் உள்ளே அசிட்டால்டிஹைடு உண்டாகும். அது டானின்களை ஒன்றோடொன்று பிணைத்துக் கரையாத கட்டிகளாக்கும். டானின் அங்கேயேதான் இருக்கும், நாக்குக்குத் தட்டுப்படாது. பழமும் உறுதியாகவே நிற்கும். ஆப்பிளைக் கெடுக்கும் அதே அசிட்டால்டிஹைடுதான். பொருள் வேறு, அளவு வேறு, நேரம் வேறு.

20. பூஞ்சணம் இதுல வளராதா?

வளரும், மெதுவாக. 2 சதவீதம் பூஞ்சணத்தைக் கொல்லாது. பழம் இளமையாக இருப்பதால் எதிர்த்து நிற்கிறது, அவ்வளவே. அடிபட்ட பழம், காம்பு பிய்ந்த பழம் உள்ளே போனால் அழுகியே வெளியே வரும். அதேபோல அதிகம் பழுத்ததையும் வைக்கக் கூடாது. எத்திலீன் சங்கிலி ஓடத் தொடங்கிய பிறகு பிடித்து நிறுத்துவது கடினம். முற்றாத காயைப் பறித்து வைத்தால் அது வதங்கி, கடைசியில் ருசியில்லாமல் வெம்பிப்போகும்.

21. மாதிரிப் பழம் ரெண்டு எடுக்க ஒரு நிமிஷம்தானே, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உள்ளே போகக் கூடாதா?

கூடாது, யாரும், எந்தக் காரணத்துக்காகவும். நமக்கு மூச்சுத் திணறும் உணர்வைத் தருவது உடலில் சேரும் கார்பன் டை ஆக்சைடு. ஆக்சிஜன் இல்லாத காற்றை இழுத்தாலும் கார்பன் டை ஆக்சைடு வழக்கம்போல வெளியேறிக்கொண்டே இருப்பதால் உடல் எச்சரிக்காது. அறையில் நிறமோ வாடையோ இருக்காது. 2 சதவீத ஆக்சிஜனில் தவறி ஓரிரு மூச்சு இழுத்தாலே நினைவு தப்பும், சில நிமிடங்களில் உயிர் போகும். 2013-ல் இங்கிலாந்தில் இப்படிப்பட்ட ஆப்பிள் கிடங்கில் மாதிரிப் பழம் எடுக்கப் போன இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். விழுந்தவரைத் தூக்க ஓடியவர்களும் உயிரிழந்த விபத்துகள் இந்தத் தொழிலில் உண்டு.

மாதிரிப் பழங்களைக் கதவின் சிறு ஜன்னலுக்கு அருகே வலைப்பையில் கட்டித் தொங்கவிடுங்கள், வெளியே நின்றபடியே கயிற்றை இழுத்து எடுக்கலாம். அறைக்குள் போக வேண்டுமென்றால் விசிறி போட்டுக் காற்றோட்டம் கொடுத்து, அளவி 19.5 சதவீதத்துக்குக் குறையாமல் காட்டிய பிறகு, வெளியே ஒருவர் காவல் நிற்க உள்ளே போக வேண்டும். நைட்ரஜனை வெளியேற்றும் குழாயின் வாய் திறந்த வெளியில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பக்கத்து நடைபாதையில் அது திறந்தால் அங்கேயும் ஆக்சிஜன் இறங்கும்.